தராசில் மாட்டிய அபூ ரீஃபா

‘போதும்’ என்ற சொல் அபூ ரீஃபாவின் வாயிலிருந்து வந்து எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் கேட்டதில்லை. காப்பி ஊற்ற வருகிறவரிடம் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்டினால் ‘போதும்’ என்று பொருள். பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அபூ ரீஃபாவின் கைக்கு மட்டும் அந்த ஆட்டம் வராது. ஊற்றினால் குடிப்பார், வைத்தால் தின்பார். “விருந்தாளி வேணாம்னு சொன்னா அந்த வீட்டு அடுப்பு அழும்யா” என்று அதற்கு ஒரு நியாயமும் கைவசம் வைத்திருந்தார். எந்த அடுப்பும் அழுததாகத் தெரியவில்லை. அவருடைய அங்கிகளை இரண்டு பக்கமும் பிரித்துப் பிரித்து அகலமாக்கித் தைத்த மனைவி கன்ஸாதான் அழாத குறை.

இத்தனைக்கும் மனிதரின் பிழைப்பு என்ன? பாறை இடுக்குகளில் ஆள் கூட்டிப்போவது! எங்கள் வாதி ரம் பாலைவனத்தின் செம்மணற்கல் மலைகளை மழை வெள்ளம் கத்தி போட்டாற்போலக் கீறி வைத்திருக்கிறது. அந்தக் கீறல்களுக்குள் நடக்க ஆசைப்பட்டு எங்கிருந்தெல்லாமோ வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். சில இடுக்குகளில் ஜீப்பே போகும். சிலவற்றில் இரண்டு பேர் தோளோடு தோள் நடக்கலாம். சிலவற்றில் ஆடு கூட யோசித்துத்தான் காலை வைக்கும்.

சுவைலிம் என்பது பெற்றவர்கள் வைத்த பேர். மகள் ரீஃபா பிறந்த அன்றைக்கே ஊர் வழக்கப்படி அபூ ரீஃபா ஆகிவிட்டார், ரீஃபாவின் வாப்பா. அடுத்து ஆண்பிள்ளை பிறந்தால் கூப்பிடுகிற பேர் மாறும் என்று சிலர் காத்திருந்தார்கள். அடுத்து எந்தப் பிள்ளையும் பிறக்கவில்லை. “பழைய பேரு கிழிஞ்சு போனாத்தானே புதுசு தேடணும்? எம் பேருக்கு என்ன குறைச்சல்?” என்றார் மனிதர்.

இளவட்டத்தில் அவர் ஆட்டைத் தேடுகிறேன் என்று மலைக்குப் போவார். ஆடு தானாகவே வீட்டுக்கு வந்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். தேடப் போனவரைத்தான் இன்னும் காணோம் என்று வீட்டார் தேடுவார்கள். ஒரு இடுக்கின் வாயைப் பார்த்துவிட்டால், அது எங்கே முடிகிறது என்று பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. (பார்த்த பிறகு நன்றாகவே இறங்கும்.) போய்ப் பார்த்த இடுக்குக்கெல்லாம் பேரும் வைத்தார். வளைந்து வளைந்து முடிவே இல்லாமல் போகிற ஒன்றுக்கு ‘மாமியார் பேச்சு’. நுழையும்போது வாயை அகலத் திறந்து வரவேற்று, போகப் போக நெருக்குகிற இன்னொன்றுக்கு ‘சம்பந்தி உபசாரம்’. இன்றைக்கு ஊரே அந்தப் பேர்களைத்தான் சொல்கிறது.

ரீஃபாவுக்கு நடை வந்ததும் அவளையும் தோளில் தூக்கிக்கொண்டு போனார். தோளில் இருந்தவள் இறங்கி நடந்தாள், பிறகு பின்னால் வந்தாள், பிறகு முன்னால் போனாள். ஒரு இடுக்கின் கடைசியில், சூரியன் நடுவானுக்கு வரும்போது மட்டும் வெயில் விழுகிற ஒரு கிணறு போன்ற இடத்தில், காட்டத்தி மரம் ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தது அந்தப் பெண்தான். அதற்கு மட்டும் அவர்கள் பேர் வைக்கவில்லை, ஒருவரையும் கூட்டிப்போகவும் இல்லை. பழுத்த காலத்தில் வாப்பாவும் மகளும் போய்த் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். கன்ஸாவுக்குக் கூட ஒரு பழம் வந்து சேர்ந்ததில்லை.

அவர்களுடைய கூடாரத்துக்கு நேர் பின்னால்தான் தராசு என்ற இடுக்கு. இந்தப் பக்கம் அவர்கள் பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் தைஃபுல்லாவின் முகாம். ஜீப்பில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம். தராசு வழியே நடந்தால் டீ கொதிக்கிற நேரம். ஆனால் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே மார்பை நேராக வைத்துக்கொண்டு எவனும் போக முடியாது. பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும், உள்ளே போனபிறகு திருப்ப இடம் கிடையாது. தலைத்துணி மேல் கட்டுகிற தலைக்கயிறைக் கழற்றிக் கையில் பிடித்து, நெஞ்சில் இருக்கிற காற்றையெல்லாம் வெளியே விட்டு, வெறும் ஆளாக ஒரு எட்டு நகர வேண்டும். மூச்சை வைத்துக்கொண்டு போகிறவனைத் தராசு விடாது.

கொஞ்ச காலமாக அபூ ரீஃபா தராசின் வாயில் நின்று, “நீங்க நடங்க, நான் ஜீப்ப அந்தப் பக்கம் கொண்டுவரேன்” என்று விருந்தாளிகளை மகளோடு அனுப்பிவிடுவார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு தைஃபுல்லா கவனித்தார். அவரும் இவரும் ஒரே வயது, ஒரே மந்தையில் ஆடு மேய்த்தவர்கள். “இப்பல்லாம் அபூ ரீஃபா ஆளுங்கள கூட்டிட்டுப் போறதில்ல, ஜீப்பத்தான் ஊர் சுத்திக் காட்டுறாரு” என்று பள்ளிவாசல் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது.

அது போகட்டும். விஷயம் வேறு. தராசின் அந்தப் பக்க வாயில், தைஃபுல்லாவின் மகன் நாயிஃப் அடிக்கடி ஆடு மேய்க்க ஆரம்பித்தான். அவர்கள் ஆடுகளையெல்லாம் விற்று ஜீப் வாங்கிப் பல வருடம் ஆகிறது என்பதைக் கன்ஸா கவனித்தாள். ரீஃபா விருந்தாளிகளை அந்தப் பக்கம் விட்டுவிட்டுத் திரும்பிவர முன்பைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்பதையும் கவனித்தாள். மகளைக் கேட்டாள். மகள் சிரித்தாள். தாய்க்கு வேறென்ன வேண்டும்? அபூ ரீஃபா மட்டும் எதையும் கவனிக்கவில்லை, தைஃபுல்லா பெண் கேட்டு வரப்போகிறார் என்று சேதி வரும்வரை.

எங்கள் ஊரில் பெண் கேட்கிற விதம் இதுதான். பெரியவர்கள் கூட்டமாக வருவார்கள். காப்பி கொடுப்பார்கள். கூட்டத்தின் தலைவர் கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்துவிடுவார். வீட்டுக்காரர் “குடிங்க, வந்த காரியம் ஆச்சு” என்று சொன்ன பிறகுதான் தொடுவார். மறுக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பெரிய மனிதர்களின் காப்பியை ஆறவிட்டு அனுப்பினவன் கூடாரத்தில் அதற்கப்புறம் எவன் கால் வைப்பான்? ரொட்டித் துண்டுக்கே ‘வேண்டாம்’ சொல்லத் தெரியாத மனிதர், இதற்கு எப்படிச் சொல்வார்! அவருக்குத் தெரிந்த ஒரே வழி, அவர்கள் வரும்போது வீட்டில் இல்லாமல் இருப்பது.

முதல் தடவை பல்வலி என்று அகபா நகரத்துக்கு ஓடினார். பொய்யாகிவிடக் கூடாதே என்று ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டும் வந்தார். நல்ல பல். இரண்டாம் தடவை ஒட்டகத்தைக் காணோம் என்று போனார். அவரிடம் ஒட்டகமே கிடையாது. பக்கத்துக் கூடாரத்துக்காரனின் ஒட்டகத்தைப் பகல் முழுக்கத் தேடினார். அது பக்கத்துக் கூடாரத்திலேயே கட்டிக்கிடந்தது. மூன்றாம் தடவை மஆன் ஊரில் ஒரு மவுத், துக்க வீடு என்று வண்டி ஏறினார். “யாரு மவுத்து?” என்று கன்ஸா கேட்டதற்கு, “போய்த்தான் கேக்கணும்” என்றார்.

மாப்பிள்ளையிடம் என்ன குறை? “வண்டிய வெரட்டுறான்” என்றார் ஒருநாள். மறுநாள் பையன் எதிரே மெதுவாக வந்தான். “பாத்தியா, தூங்கி வழியுறான்” என்றார். “அரை ரொட்டி தின்னுட்டுக் கை கழுவுறான் கன்ஸா. அவங்க அடுப்பு அழும்” என்றார்.

“அடுப்ப விடு. உனக்கு என்ன செய்யுது, அத சொல்லு.”

“மலைக்கு அந்தாண்டை கெடக்கு அவங்க முகாம். உலகத்தோட அந்தக் கோடி!”

“அரை மணி நேரம்.”

அவர் தேநீரில் சர்க்கரையைக் கலக்கினார். மகள் இல்லாத கூடாரத்தில் அந்த மனிதருக்கு உட்காரத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

நான்காம் தடவை தைஃபுல்லா உஷாராகிவிட்டார். மழைக்காலம் முடிந்து வானம் துடைத்துவிட்டாற்போல இருந்த ஒரு காலை. அபூ ரீஃபா சாம்பலில் சுட்ட ரொட்டியை நெய்யில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். இரண்டாவது ரொட்டியில் நிமிர்ந்து பார்த்தால், வடக்கே ஜீப்புத் தூசி. கிழக்கே தூசி. தெற்கேயும் தூசி. இருக்கிற பாதையையெல்லாம் சம்பந்தி வீட்டு ஜனம் அடைத்துக்கொண்டு வருகிறது! மேற்கே மலைதான். மலையில் தராசுதான்.

எழுந்தார். மீதி ரொட்டி வாயில், தலைத்துணி கையில்.

“எங்க கிளம்பிட்ட?” என்றாள் கன்ஸா.

“இடுக்குல... ஒரு விருந்தாளியோட தொப்பி விழுந்து கெடக்காம். பாவம், வெயில்ல என்ன பண்ணும்.”

“ஊருக்குத் திரும்பிப் போன விருந்தாளிக்கா?”

அவர் அதற்குள் பாறைக்குள் மறைந்துவிட்டார்.

இதையும் சொல்ல வேண்டும்: உள்ளே போனதும் மனிதர் ஓடிவந்ததையே மறந்துவிட்டார். காலடி மணல் குளிர்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளும் வரிவரியாக ஓடின சுவர்கள். கை வைத்தால் உள்ளங்கையில் மாவு போல மணல் உதிர்ந்தது. தலைக்கு மேலே என்றோ வந்த வெள்ளம் செருகிவிட்டுப் போன மரக்கட்டை அப்படியே இருந்தது. ஒரு குழியில் மழைத்தண்ணீர் நின்றது, அதில் வானம் ஒரு துண்டு கிடந்தது. நீல ஓணான் ஒன்று தலையை ஆட்டி விசாரித்தது. “ஆமாண்டா, நாந்தான். ரொம்ப நாளாச்சு” என்று அதற்குப் பதில் சொன்னார். எத்தனை வளைவு தாண்டினாலும் அடுத்த வளைவு என்ன வைத்திருக்கிறது என்ற அந்தப் பழைய அரிப்பு காலில் ஏறியது. இப்படி ஒரு சுகத்தை விட்டுவிட்டு ஜீப்பையா கட்டிக்கொண்டு அழுதோம் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டார்.

நெருக்கும் இடம் வந்தது. தலைக்கயிறைக் கழற்றினார். முகத்தை அந்தப் பக்க வாயை நோக்கித் திருப்பினார். மூச்சை விட்டார், நுழைந்தார். தோள் போயிற்று. மார்பு போயிற்று. பிறகு காலையில் தின்ற ரொட்டியின் முறை வந்தது. ரொட்டி சம்மதிக்கவில்லை. கொஞ்சம் இழுத்துப் பார்த்தார், மூச்சு முட்டியது, பழக்கதோஷத்தில் ஒரு இழுப்புக் காற்றை வாங்கினார். அதுதான் தப்பு. தராசு கப்பென்று பிடித்துக்கொண்டது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றாரோ, எதிரே மணலில் செருப்புச் சத்தம் கேட்டது. வளைவில் தலைத்துணி தெரிந்தது. கையில் காப்பிச் சட்டியோடு தைஃபுல்லா! எல்லாப் பாதையிலும் ஆளை நிறுத்திவிட்டு, மிச்சம் இருக்கிற ஒரே பாதையின் வாயில் தானே போய் உட்கார்ந்திருக்கிறார். வர வேண்டியவர் வெளியே வராததால் உள்ளே தேடி வந்திருக்கிறார்.

“அஸ்ஸலாமு அலைக்கும், அபூ ரீஃபா.”

சலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? “வஅலைக்குமுஸ்ஸலாம்.” பாதி சத்தம்தான் வந்தது.

“என்ன இந்தப் பக்கம்?”

“சும்மாதான்... காத்தாட.”

“காத்து எங்கய்யா வருது? நீதான் வழிய அடைச்சுக்கிட்டு நிக்கிறியே.”

அபூ ரீஃபா கண்ணை மூடிக்கொண்டார். தைஃபுல்லா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, நீட்டியிருந்த கையைப் பிடித்து உண்மையாகவே இழுத்தார். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டும் இழுத்தார். தோள் மட்டும் தனியாக வந்துவிடும்போல இருந்தது.

“போயி ஆளுங்கள கூட்டிட்டு வரவா?”

“வேணாம்! உன் வாப்பா மேல ஆணையா வேணாம்! ஊரு சிரிக்கும்.”

“ஊரு சிரிச்சு ரொம்ப நாளாச்சு. நீ பல்லப் புடுங்குன அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு.” தைஃபுல்லா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “சரி, அப்ப தின்னது செரிக்கட்டும். அதுவரைக்கும் நான் துணைக்கு இருக்கேன்.”

வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன சுள்ளிகளைப் பொறுக்கி அடுப்பு மூட்டினார். சட்டியை ஏற்றினார். வாசனை எழும்பி இடுக்கை நிறைத்தது. மாட்டிக்கொண்ட மனிதரின் மூக்கு தானாக விடைத்தது.

“ஏலக்கா போட்டியா?”

“தாராளமா.”

“மாஷா அல்லாஹ். கமகமங்குது.”

தைஃபுல்லா ஒரு சிறு கிண்ணத்தை எடுத்துத் துடைத்தார். “பாருய்யா. நீ நிக்கிற எடம் இன்னைக்கு உன் வீடு. நான் உன் வாசல்ல உக்காந்திருக்கேன். அப்ப நான்தான் விருந்தாளி. உனக்குக் கை ஒழிவு இல்ல, அதனால உனக்குப் பதிலா நானே ஊத்திக்கறேன்.” ஊற்றினார். கிண்ணத்தை உதட்டுப் பக்கம் கொண்டுபோனார். பிறகு மெல்ல, இருவருக்கும் நடுவே, மணலில் வைத்தார். கையை எடுத்தார். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“டேய்! டேய் தைஃபுல்லா! வேணாண்டா!”

“வந்த காரியம் ஆகாம குடிக்கமாட்டேன்.”

“அட பாவி, கட்டிப்போட்ட ஆட்டுகிட்ட பேரம் பேசுறியே! இது செல்லாது. பெரியவங்க வேணும். சாட்சி வேணும்.”

“சாட்சிக்கு நாங்க இருக்கோம்” என்று அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கன்ஸா.

அபூ ரீஃபாவின் முதுகு வியர்த்தது. “நீ எப்ப வந்த?”

“நீ ‘காத்தாட’ன்னு சொன்னப்பவே வந்தாச்சு. மணல்ல செருப்புத் தடம் உள்ள போயிருக்கு, திரும்பி வரல. இதுக்குப் பெரிய வேட்டைக்காரனா வரணும்? பெரியவங்க எல்லாம் கூடாரத்துல உக்காந்திருக்காங்க. தொப்பி எடுக்கப் போயிருக்காருன்னு சொன்னேன். ஒருத்தரும் முகத்த நிமித்தல, சிரிப்ப அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

“நீ மட்டுமா வந்த?”

துணி உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. அந்த நடை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? அவர் சொல்லிக்கொடுக்காமலே வந்த நடை.

“ரீஃபா?”

“ஆமா வாப்பா.”

தலையைத் திருப்பப் பார்த்தார். பாறை விடவில்லை. முகத்தைப் பார்க்காமல் அந்தப் பெண்ணோடு அவர் பேசியதே கிடையாது. எதிரே தெரிந்ததெல்லாம் தைஃபுல்லாவின் தாடியும் ஆவி பறக்கிற கிண்ணமும்தான்.

“வாப்பா, நாலு தடவையும் காப்பிக்கொட்டைய நான்தான் வறுத்தேன்.” அவள் குரலில் கோபம் இல்லை; அதுதான் அவரை என்னவோ செய்தது. “நாலு தடவையும் நல்ல உடுப்பப் போட்டுக்கிட்டு திரைக்குப் பின்னால உக்காந்திருந்தேன். நீ வரல. போன தடவை வந்தவங்க எந்திரிச்சுப் போறப்ப பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு.”

“என்ன பேசிக்கிட்டாங்க?”

“‘பொண்ணுகிட்ட ஏதோ குறை இருக்கும்போல. இல்லன்னா பெத்தவன் ஏன் ஒளியுறான்?’”

தைஃபுல்லா சட்டென்று குனிந்து மணலைப் பார்த்தார். “என் மச்சினன் வாய் அது. நான் அப்பவே அவனக் கண்டிச்சேன்” என்று முணுமுணுத்தார்.

அபூ ரீஃபாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் பாறையைவிடச் சிவந்தது. “எவண்டா சொன்னது! எம் மககிட்டயா குறை! எம் மககிட்டயா!” அடிவயிற்றிலிருந்து கத்தினார். இடுக்கு முழுக்க அது உருண்டு ஓடி, மேலே உட்கார்ந்திருந்த புறாக்களைக் கிளப்பிவிட்டது.

“நகந்துட்டாரு!” என்று கத்தினாள் கன்ஸா. “ஒரு விரக்கடை நகந்துட்டாரு! ரீஃபா, இன்னும் ஏதாவது சொல்லு, கோவப்படட்டும்!”

ஆனால் அதற்குமேல் அவருக்குக் கோபம் வரவில்லை. யார்மேல் வரும்? ஓடினது யார், ஒளிந்தது யார்? கண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை. மூக்கின் வழியே வழிந்து, தாடியில் இறங்கியது. எதிரே இருந்த தைஃபுல்லா, பார்க்காதவர்போலச் சுள்ளியைச் சரிசெய்தார்.

“குறை எங்கிட்டதாம்மா” என்றார். “நீ போய்ட்டா நான் என்ன பண்ணுவேன்? எல்லாரும் என்ன அபூ ரீஃபா, அபூ ரீஃபான்னு கூப்பிடுவாங்க. திரும்பிப் பாத்தா ரீஃபா இருக்கமாட்டா. நான் எங்க போய் உக்காருவேன்? எனக்குப் பயமா இருக்கும்மா.”

சொல்லிவிட்டார். அவ்வளவு நாள் பல்லாகவும் ஒட்டகமாகவும் மவுத்தாகவும் வந்தது இவ்வளவுதான்.

அவர் முதுகில் இரண்டு உள்ளங்கைகள் வந்து பதிந்தன.

“வாப்பா, மூச்ச விடு.”

அவர் கொஞ்சம் விட்டார்.

“முழுசா விடு. உள்ள எதையும் வச்சுக்காத. பயப்படாத, அந்தப் பக்கம் நெறையக் காத்து இருக்கு.”

அது அவருடைய வார்த்தை. சின்ன வயதில் அவள் இதே இடத்தில் அழுதுகொண்டு நின்றபோது, இவர் அந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு சொன்னது. அவளோ இப்போது கொஞ்சமும் அழாமல் சொன்னாள்.

அபூ ரீஃபா கிண்ணத்தைப் பார்த்தார். ஆவி நின்றுவிட்டது. ஆறிக்கொண்டிருந்தது. இருந்த கடைசி மூச்சையெல்லாம் திரட்டி, “குடி, தைஃபுல்லா. வந்த காரியம் ஆச்சு” என்று சொல்லி முடித்தார். சொன்னதோடு உள்ளே காற்று ஒரு பொட்டு மிச்சமில்லை. பின்னால் மகள் தள்ளினாள்.

மனிதர் பிதுங்கி வெளியே வந்து, அடுப்பைத் தாண்டி, தைஃபுல்லாவின் மடியில் போய் விழுந்தார். தைஃபுல்லாவோ சம்பந்தியைப் பிடிக்கவில்லை, கிண்ணத்தைப் பிடித்தார். ஒரு சொட்டுச் சிந்தாமல் தலைக்கு மேலே தூக்கி, இவர் மனசு மாறுவதற்குள் ஒரே மடக்கில் குடித்துவிட்டார். அப்புறம்தான் “அடி பட்டுச்சா?” என்று கேட்டார்.

ரீஃபா தராசின் வழியாக வந்தாள். ஒரு மூச்சு விட்டாள், ஒரு எட்டு வைத்தாள், சுவரில் ஒரு நூலும் உரசவில்லை. வாப்பாவின் அங்கியில் பொத்தான் எல்லாம் போயிருந்தது. தலைத்துணியை உதறி அவர் தலையில் போட்டு, கயிறை வைத்தாள். கன்ஸா அந்தப் பக்கத்திலேயே நின்று, “நான் திரும்பிப் போறேன், பெரியவங்களுக்குச் சேதி சொல்லணும். மாப்பிள்ளை வீட்டு ஜீப்புலயே வந்து சேருங்க. இதுக்குள்ள மறுபடி நுழைஞ்சு தொலைக்காத!” என்று கத்திவிட்டுப் போனாள்.

கல்யாணம் வசந்த காலத்தில் தைஃபுல்லாவின் முகாமில் நடந்தது. பெரிய தாம்பாளங்களில் சோறு, அதன்மேல் ஆட்டுக்கறி, அதன்மேல் தயிர்க் குழம்பு. அபூ ரீஃபாவை நடுத் தாம்பாளத்தில் உட்காரவைத்தார்கள். அவரைச் சுற்றி உட்கார இடம்பிடித்தவர்களுக்கு அவர் தின்பதைப் பார்ப்பதே பாதி விருந்து. தைஃபுல்லா கறியில் நல்ல துண்டாகப் பிய்த்துப் பிய்த்து அவர் முன்னால் போட்டார். அபூ ரீஃபா ஒரு பிடி தின்றார். இரண்டு பிடி தின்றார். இன்னும் கொஞ்சம் தின்றார். தைஃபுல்லா ஈரல் துண்டைக் கொண்டுவந்தபோது, கையைத் தாம்பாளத்தின் மேல் விரித்து மறித்தார்.

“போதும்” என்றார்.

சுற்றியிருந்தவர்களின் கைகள் அப்படியே நின்றன. ஒருவர் “பிஸ்மில்லா” என்றார். இன்னொருவர் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை நாயிஃப் காப்பிச் சட்டியோடு வந்தான். ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தார், மறுபடி ஊற்றக் குனிந்தவனிடம் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்டினார். அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை; தன் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னய்யா இது?” என்றார் தைஃபுல்லா, நிஜமாகவே பயந்துபோய். “எங்க விருந்துல ஏதாச்சும் குறையா? எங்க வீட்டு அடுப்பு அழாதா?”

“அழுதா அழுதுட்டுப் போகட்டும். நாளைக்குக் காலைல நான் எம் மக வீட்டுக்குப் போகணும்.”

“அதுக்கென்ன, ஜீப்புல வா. அரை மணி நேரம்.”

அபூ ரீஃபா விரல்களைத் துடைத்துக்கொண்டு, பெண்கள் இருந்த கூடாரத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“அவ்வளவு நேரமெல்லாம் என்னால தாங்க முடியாதுய்யா” என்றார். “தராசு வழியா நடந்து வந்துக்கறேன்.”